ரோல் ஷாப்புக்குப் புதிதா? வொர்க் ரோலில் டெக்ஸ்சர் போடும் வேலை, படிப்படியாக

கார் கதவுக்கு வரும் தகட்டைப் பெயின்ட் ஏறுவதற்கு முன் வெறும் விரலால் தடவிப் பார்த்தால் லேசான சொரசொரப்பு தட்டுப்படும். அது தானாக வந்ததில்லை. தகட்டைக் கடைசியாக உருட்டிய வொர்க் ரோலில் (தகட்டை நேராகத் தொடும் உருளையில்) அந்தச் சொரசொரப்பை வேண்டுமென்றே ஏற்றி மில்லுக்கு அனுப்பியிருப்பார்கள். இதைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். ரோல் அதைத் தகட்டில் அச்சாகப் பதித்துவிடும். அந்த ரோலைத் தயார் செய்யும் இடம்தான் ரோல் ஷாப். டிப்ளமோ முடித்தோ பொறியியல் முடித்தோ கோல்டு ரோலிங் மில்லின் (தகட்டைச் சூடாக்காமல் உருட்டும் ஆலையின்) ரோல் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களின் கண் நேராக டெக்ஸ்சர் மெஷினுக்குத்தான் போகும். ஸ்கிரீன், தீப்பொறி என்று பார்ப்பதற்கே நன்றாக இருக்கும். ஆனால் டெக்ஸ்சர் சரியாக அமைவதும் அமையாததும் பாதிக்கு மேல் அதற்கு முன் ரோலைச் சாணைபிடிக்கும் கிரைண்டிங்கிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கிரைண்டிங் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

எதற்காக இந்தச் சொரசொரப்பு

அம்மி தேய்ந்து வழவழத்துப்போனால் மிளகாய் அரைபடாமல் வழுக்கும். ஆளைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்வோம். ரோலும் டன் கணக்கில் தகடு ஓட ஓட வழவழப்பாகிவிடும். அதை இறக்கி, கிரைண்டிங் செய்து, மறுபடியும் கொத்தித்தான் மில்லுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே மேடு பள்ளம் ரோலுக்காக இல்லை, தகட்டுக்காக.

தகட்டுக்கு அது மூன்று விதத்தில் தேவைப்படுகிறது. முதலாவது பிரஸ் ஷாப். தகடு டைக்குள் (வடிவம் கொடுக்கும் அச்சுக்குள்) இழுபடும்போது எண்ணெய் பிதுங்கி ஓடிவிடாமல் சின்னச் சின்னப் பள்ளங்களில் தங்க வேண்டும். தங்காவிட்டால் தகடு டையில் ஒட்டிக் கீறும், மூலைகளில் கிழியும். இரண்டாவது அனீலிங், அதாவது உருட்டலில் இறுகிய தகட்டைச் சூடாக்கி இளக்குவது. டேண்டம் மில்லிலிருந்து (அடுத்தடுத்து நிற்கும் ஸ்டாண்டுகளில், அதாவது ரோல் தொகுதிகளில், தகட்டை மெலியவைக்கும் மில்) வரும் காயிலை, அதாவது தகட்டுச் சுருளை, பெல் ஃபர்னஸ் என்ற மணி வடிவ உலையில் 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காக வைக்கும்போது, மேற்பரப்பு மிக வழவழப்பாக இருந்தால் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது தகட்டில் பிறை வடிவத் தழும்பு விழும். டேண்டம் மில்லின் கடைசி ஸ்டாண்டில் சொரசொரப்பான ரோல் போடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூன்றாவது பெயின்ட். தகட்டின் மேடு பள்ளம் ஒழுங்கில்லாமல் இருந்தால் பெயின்ட்டுக்கு மேலேயும் ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரியும்.

எல்லா ரோலுக்கும் டெக்ஸ்சர் போடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சேலம் உருக்காலையில் உருட்டுவது போன்ற ஸ்டெயின்லெஸ் தகட்டின் பளபளப்புக்கு நேர் எதிரான வேலை தேவை: ரோலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வழவழப்பாக்க வேண்டும். இந்தக் கட்டுரை பேசுவது கார்பன் ஸ்டீல் தகடும் துத்தநாகம் பூசிய தகடும் ஓடும் மில்களைப் பற்றி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் தொழிற்சாலைகளின் பிரஸ்ஸில் ஏறுவது அந்த வகைத் தகடுதான்.

மூன்று எண்கள்

ஷாப்பில் நாள் முழுக்கக் காதில் விழும் முதல் எண் ஆர்ஏ. மேற்பரப்பின் நடுக்கோட்டிலிருந்து மேடுகளும் பள்ளங்களும் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வது. குளிர் உருட்டுத் தகடுகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 10130 தகட்டு மேற்பரப்பை இதை வைத்தே பிரிக்கிறது. சாதாரண ஃபினிஷ் என்றால் 0.6-க்கு மேல் 1.9 வரை, சொரசொரப்பு ஃபினிஷ் என்றால் 1.6-க்கு மேல், பளபளப்பு ஃபினிஷ் என்றால் 0.4-க்குள்.

இரண்டாவது எண் பீக் கவுண்ட். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை மேடுகள் இருக்கின்றன என்பது. குட்டி குட்டி நெளிவெல்லாம் கணக்கில் வராது. நடுக்கோட்டுக்கு மேலே அரை மைக்ரான், கீழே அரை மைக்ரான் என்று ஒரு பட்டை வைத்து, இரண்டையும் தாண்டி ஏறி இறங்குவதை மட்டும் எண்ணுவார்கள். ஆர்ஏ ஒன்றாகவே உள்ள இரண்டு ரோல்களில் ஒன்றில் மேடுகள் அகலமாக, எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இன்னொன்றில் நெருக்கமாக, நிறைய இருக்கலாம். பெயின்ட்டுக்கு நெருக்கமானதுதான் நல்லது. ஆர்ஏ மட்டும் எழுதி பீக் கவுண்ட் எழுதாத ரோல் கார்டை நான் பாதிக் கார்டாகத்தான் பார்ப்பேன்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆர்ஏவைக் கூட்டினால் பள்ளம் ஆழமாவதோடு அகலமாகவும் ஆகும், அதனால் ஒரு சென்டிமீட்டருக்குள் இடம் பிடிக்கும் மேடுகள் குறையும். இரண்டும் உச்சத்தில் வேண்டும் என்று யாராவது கேட்டால் முடியாது என்று காரணத்தோடு சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அலைவு. ஒரு மில்லிமீட்டர் முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளமுள்ள மெல்லிய அலைகள். சொரசொரப்பு மீட்டரின் ஃபில்டர் இவற்றை வடிகட்டிவிடுவதால் ஆர்ஏவில் சரியாகத் தெரியாது. பெயின்ட் ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரிவதோ இதுதான். கார் நிறுவனங்கள் இப்போது இதைத் தனியாகக் கேட்கின்றன. தகட்டை 5 சதவீதம் இழுத்துவிட்டு அளக்கும் முறையை ஜெர்மனியின் எஸ்இபி 1941 வரையறுத்திருக்கிறது.

எந்த முறை

பழைய முறை ஷாட் பிளாஸ்ட். ஒரு கூண்டுக்குள் ரோல் சுற்றும். வேகமாகச் சுழலும் வீல் கூர்மையான இரும்புக் குருணையை அதன் மேல் வீசும். மலிவு, வேகம். ஆனால் ரோல் எவ்வளவு கடினமோ அவ்வளவு குறைவாகத்தான் குருணை கடிக்கும். ரோலில் ஓரிடம் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அங்கே மட்டும் ஆழமாக விழும். குருணை உடைந்து பொடியாகும், அதைச் சலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1980களில் லேசர் வந்தது. பெல்ஜியத்தின் லீஜ் நகரில் உள்ள சிஆர்எம் ஆய்வு மையம் உருவாக்கிய லேசர்டெக்ஸ் அதில் பெயர் பெற்றது. பின்னர் கென்ட் நகரத்து சிட்மார் ஆலை வெற்றிடக் கூண்டில் எலக்ட்ரான் கற்றையால் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இவற்றில் புள்ளிகள் வரிசையாக, ஒழுங்காக விழும். ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் பயன்படுத்தும் பிரீடெக்ஸ் முறையில் ரோலில் குழி பறிப்பதே இல்லை. குரோமியத்தைச் சின்னச் சின்ன அரைக்கோளங்களாக அதன் மேல் வளர்க்கிறார்கள். தகட்டில் ஒன்றோடொன்று சேராத தனித்தனிக் குழிகள் கிடைக்கின்றன, எண்ணெய் தங்குவதற்கு அது மிக நல்லது.

ஆனால் நீங்கள் சேர்ந்திருக்கும் ஷாப்பில் இருப்பது பெரும்பாலும் இடிடி எனப்படும் மின்பொறி முறையாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் சார்க்ளாட், ஜெர்மனியின் வால்ட்ரிச் சீகன் போன்ற நிறுவனங்கள் இந்த மெஷின்களைச் செய்கின்றன. இதன் வேர் 1943-இல் சோவியத் நாட்டின் லாசரென்கோ தம்பதியர் கண்டுபிடித்த மின்பொறி அரிப்பு. எண்ணெய்க்குள் செம்பு அல்லது கிராஃபைட் எலக்ட்ரோடுக்கும் (மின்முனைக்கும்) ரோலுக்கும் இடையே பொறி பாயும். ஒவ்வொரு பொறியும் ஒரு துளி உலோகத்தை உருக்கி எறிந்து ஒரு குழியை விட்டுச்செல்லும். ரோல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பொறிக்கு அது பெரிய விஷயமில்லை. கடினமான ரோலில் நெருக்கமான டெக்ஸ்சர் வேண்டும் என்பவர்கள் ஷாட் பிளாஸ்டை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் அதுதான். இனி வரும் படிகள் இடிடிக்கானவை.

படி 1: ரோலை ஆற விடுங்கள், சோதியுங்கள்

மில்லிலிருந்து இறங்கிய ரோல் சூடாக இருக்கும். சூட்டோடு கிரைண்டிங் செய்தால் ஆறிய பிறகு வடிவம் மாறிவிடும். ஷாப்பின் சூட்டுக்கு அது வரும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. இந்த ரோல்கள் கெட்டிப்படுத்திய ஃபோர்ஜிங் ஸ்டீல், உள்ளே இழுவிசை பூட்டிக்கிடக்கும். திடீர்க் குளிர்ச்சியில் வெடித்த ரோல்கள் உண்டு.

ஆறியதும் நெக்கில் (ரோலின் இரு முனைகளிலும் உள்ள மெலிந்த பகுதி) ஸ்லிங் மாட்டித் தூக்குங்கள், பேரலில் (தகட்டைத் தொடும் நடுப்பகுதி) மாட்டாதீர்கள். சுழல் மின்னோட்டத்தால் விரிசல் தேடும் எடி கரன்ட் சோதனையில் விரிசல் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது மறையும் வரை கிரைண்டிங்கில் எடுக்க வேண்டும். "இவ்வளவுதானே, டெக்ஸ்சர் மூடிவிடும்" என்று விடுவது மிக ஆபத்து. விரிசல் மில்லில் வளர்ந்து, ரோலின் மேல்தோல் பெயர்ந்து விழும். தகடு, வொர்க் ரோலைத் தாங்கும் பேக்கப் ரோல் இரண்டும் சேர்ந்து கெடும்.

படி 2: கிரைண்டிங்

இங்கேதான் பொறுமை வேண்டும். கிரவுன் (ரோலின் நடுவில் உள்ள லேசான புடைப்பு) சரியாக இருக்கிறதா, உருளை வட்டமாக இருக்கிறதா என்பதெல்லாம் எல்லா ரோலுக்கும் பொதுவானது. அதை உங்கள் சீனியர் ஆபரேட்டர் சொல்லித் தருவார். டெக்ஸ்சர் போடப்போகிற ரோலுக்கென்று கூடுதலாகப் பார்க்க வேண்டியது மூன்று.

ஒன்று, அடித்தள ஆர்ஏ. போடப்போகிற டெக்ஸ்சரைவிட இது மிகக் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக 0.4 மைக்ரானுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு, ஃபீட் மார்க். கிரைண்டிங் வீலின் விளிம்பு ரோலைச் சுற்றி ஸ்க்ரூ மரை போல விட்டுச்செல்லும் கோடு. கடைசி பாஸ்களில் அழுத்தத்தைக் குறைத்து, வீல் விளிம்பை லேசாக உருட்டிவிட்டால் இது அடங்கும்.

மூன்றாவதுதான் பெரிய வில்லன்: சேட்டர். வீலோ ரோலோ அதிர்ந்தால் ரோலின் நீளவாக்கில், சீரான இடைவெளியில் மெல்லிய பட்டைகள் விழும். ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம், நேராகப் பார்த்தால் தெரியாது. இதைப் பிடிக்க ஒரு பழைய கைவழி உண்டு. ரோலை நிறுத்திவிட்டு, மெஷினைப் பூட்டிவிட்டு, தட்டையான நைஸ் ஆயில் ஸ்டோனை எடுத்துப் பேரலின் சுற்றுவாக்கில், அழுத்தாமல், ஒரு கை அகலத்துக்குத் தேயுங்கள். அப்புறம் பக்கவாட்டில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சேட்டர் இல்லாத இடம் ஒரே நிறத்தில் மங்கலாக இருக்கும். இருந்தால், கல் பட்ட மேடு பளிச்சென்றும் படாத பள்ளம் இருண்டும் மாறி மாறித் தெரியும். சுற்றும் ரோலில் இதைச் செய்ய யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டெக்ஸ்சர் இந்தச் சேட்டரை மூடாது. காரணம் எளிது. ஒரு பொறிக்குழியின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில். சேட்டர் அலையின் நீளமோ பல மில்லிமீட்டர், சில சமயம் சென்டிமீட்டர். குழிகள் அந்த அலையின் மேலேயே ஏறி இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆர்ஏ மீட்டர் எல்லாம் சரி என்று சொல்லும், தகட்டில் பட்டை பட்டையாக நிழல் விழும். மேலே மூன்றாவதாகச் சொன்ன அலைவு கெட்டுப்போவதற்கும் இது ஒரு காரணம். புதியவர்கள் டெக்ஸ்சர் செட்டிங்கை மாற்றி மாற்றித் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம், "அந்த ரோலுக்கு ஸ்டோன் போட்டுப் பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

படி 3: சுத்தம்

கூலன்ட், கிரைண்டிங் பொடி எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். ரோலில் காந்தம் ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அரித்த இரும்புத் துகள்கள் பேரலிலேயே ஒட்டிக்கொண்டு பொறியைக் கெடுக்கும். நெக்கில் மின்தொடர்பு எடுக்கும் இடம் சுத்தமாக, பெயின்ட்டோ துருவோ இல்லாமல் இருக்க வேண்டும்.

படி 4: மெஷினில் ஏற்றுதல், செட்டிங்

ரோல் சென்டரிலோ நெக் தாங்கியிலோ உட்காரும். எலக்ட்ரோடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் தனி சர்வோவில், தனி மின்சப்ளையில். சர்வோ ஒவ்வொரு எலக்ட்ரோடையும் ரோலிலிருந்து மயிரிழை இடைவெளியில் பிடித்துவைக்கும். ரோல் மெதுவாகச் சுற்ற, எலக்ட்ரோடு வரிசை பக்கவாட்டில் முன்னும் பின்னும் நகரும்.

உங்கள் கையில் இருப்பவை இவை: பொறியின் மின்னோட்டம், பொறி எவ்வளவு நேரம் எரிகிறது, அடுத்த பொறிக்கு முன் எவ்வளவு இடைவேளை, மின்துருவம், மொத்த நேரம். மின்னோட்டத்தையும் எரியும் நேரத்தையும் கூட்டினால் குழி ஆழமாகும், ஆர்ஏ ஏறும், பீக் கவுண்ட் இறங்கும். மொத்த நேரம் ஆர்ஏவைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போகாது. பேரல் முழுக்கக் குழிகள் நிறைந்த பிறகு புதிய குழி பழைய குழியின் மேலேதான் விழும். ஆனால் நேரம் போதாவிட்டால் குழி விழாத கிரைண்டிங் தீவுகள் நடுநடுவே மிஞ்சும், அது தகட்டில் திட்டாகத் தெரியும். இடைவேளையைக் குறைத்து வேகம் பார்க்க வேண்டாம். எண்ணெய் மறுபடி மின்கடத்தாத நிலைக்கு வருவதற்குள் அடுத்த பொறி வந்தால் அதே இடத்திலேயே ஆர்க்காக, அதாவது அணையாத பொறியாக, நிலைத்துவிடும், ரோல் கருகும்.

புதிய எலக்ட்ரோடு மாற்றியிருந்தால் அதன் முகம் ரோலின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும் வரை ஒரு பழைய ரோலில் ஓட்டிவிட்டு நல்ல ரோலுக்கு வாருங்கள்.

படி 5: ஓட்டம்

மெஷினும் ரோலும் எப்படியென்பதைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் நல்ல ஓட்டத்துக்கு ஒரே சீரான படபடப்பு இருக்கும். ஓர் எலக்ட்ரோடு ஷார்ட் ஆனாலோ நின்றாலோ அந்தச் சீர் உடையும். ஸ்கிரீனில் அந்தச் சேனல் தனியாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் பேரலைச் சுற்றி அந்த எலக்ட்ரோடின் அகலத்துக்கு ஒரு பட்டை விழும். அதற்குப் பிறகு கிரைண்டருக்குத்தான் திரும்ப வேண்டும்.

எண்ணெய் ஃபில்டரின் அழுத்தத்தைப் பாருங்கள். துகள் நிறைந்த எண்ணெய்தான் ஆர்க்குக்கு முதல் காரணம். எண்ணெய் மட்டம் பொறி பாயும் இடத்துக்கு மேலே இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். மட்டம் இறங்கிப் பொறி காற்றில் பட்டால் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். மட்டம், சூடு இரண்டுக்கும் உள்ள இன்டர்லாக்கை (அளவு மீறினால் மெஷினைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பை) யாரும் பைபாஸ் செய்யக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு இருந்தால், அது திறக்கும்போது அந்த இடத்தைவிட்டு உடனே வெளியேறும் வழியை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தீயை அணைக்கும் அதே வாயு மூச்சையும் அடைத்துவிடும்.

படி 6: தளர்ந்த மேடுகளை எடுத்தல்

பொறி உருக்கிய உலோகம் முழுவதும் வெளியே போவதில்லை. கொஞ்சம் குழியின் ஓரத்திலேயே உறைந்து, கடினமாக, ஆனால் நொறுங்கக்கூடியதாக நிற்கும். அப்படியே மில்லுக்கு அனுப்பினால் முதல் சில காயில்களிலேயே அந்த முனைகள் உடைந்து தகட்டின் மேல் இரும்புப் பொடியாகப் படியும், ஆர்ஏவும் சட்டென்று இறங்கும். அதனால் நைஸ் உராய்வு டேப்பாலோ கல்லாலோ மெஷினில் வைத்து ஒரு மெல்லிய பாஸ் கொடுப்பார்கள். முனை மட்டும் போக வேண்டும்.

படி 7: அளத்தல்

பேரலைக் கரைப்பான் போட்டுத் துடைத்து, ரோல் ஷாப் சூட்டுக்கு வந்த பிறகு அளங்கள். டிரைவ் பக்கம், நடு, ஆபரேட்டர் பக்கம் என மூன்று இடம். ஒவ்வொன்றிலும் ரோலைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு ரீடிங். மொத்தம் பன்னிரண்டு. ஊசி ரோலின் நீளவாக்கில் ஓட வேண்டும். சராசரியை மட்டும் எழுதாமல் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆர்ஏ குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து எலக்ட்ரோடுகளைப் பாருங்கள்.

மீட்டரின் கட்-ஆஃப் (ஃபில்டர் அலைகளை வடிகட்டும் எல்லை நீளம்) என்ன என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தகட்டின் சொரசொரப்பை அளக்கும் இஎன் 10049 முறையில் அது 2.5 மில்லிமீட்டர். ரோல் ஷாப்பில் 0.8 வைத்து அளந்துவிட்டு, தர ஆய்வகம் 2.5-இல் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டு பேருக்கும் சண்டைதான் மிஞ்சும்.

படி 8: குரோம்

பல ஆலைகளில் டெக்ஸ்சருக்கு மேல் மெல்லிய ஹார்டு குரோம் ஏற்றுவார்கள். பத்து மைக்ரானை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். சொரசொரப்பு கூடுதல் நாள் நிற்கும், தகட்டில் இரும்புப் பொடி குறையும், துத்தநாகம் ரோலில் ஒட்டுவதும் குறையும். ஆனால் குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோயை உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமியம் டிரை ஆக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. தொட்டியின் புகை உறிஞ்சி ஓடவில்லை என்றால் அந்தப் பக்கம் போக மறுப்பது உங்கள் உரிமை. குரோம் ஏறிய பிறகு ஆர்ஏ கொஞ்சம் மாறும். மறுபடி அளந்து, அந்த எண்ணையும் கார்டில் எழுதுங்கள்.

முடிந்த ரோலுக்குத் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, பேரலைச் சுற்றி வைத்துவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் வியர்வைக் கைரேகைகூடத் துருவாகும்.

படி 9: தகட்டைப் பார்த்து ரோலைத் திருத்துதல்

ரோலில் 2.5 இருந்தால் தகட்டில் 2.5 வராது. அனீலிங்குக்குப் பிறகு தகட்டை லேசாக மட்டும் உருட்டும் ஸ்கின் பாஸ் மில்லில் அது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நீள்கிறது. அந்த அழுத்தத்தில் ரோலின் மேடுகள் முழு ஆழத்துக்கு இறங்குவதில்லை. எவ்வளவு இறங்கும் என்பது ரோலிங் லோடு, தகட்டின் கடினம், அகலம், உலர் ஓட்டமா ஈர ஓட்டமா என்பதையெல்லாம் பொறுத்தது. உதாரணத்துக்கு, ரோலில் 2.5, தகட்டில் 1.25 என்றால் உங்கள் மில்லின் விகிதம் பாதி. வாடிக்கையாளர் தகட்டில் 1.0 கேட்டால் ரோலுக்கு 2.0 என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த விகிதம் மெல்லிய மென்தகட்டுக்கு ஒன்று, உறுதி கூடிய தகட்டுக்கு வேறு. கிரேடு வாரியாகத் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆலையின் பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

ரோல் ஓட ஓட ஆர்ஏ இறங்கும். முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக. அதனால் பெயின்ட்டுக்குப் போகும் வெளித்தகட்டை எப்போது ஓட்டுவது, எத்தனை டன்னில் ரோலை இறக்குவது என்பதை மில் பிளானிங்கோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

ரோல் திரும்பி வந்ததும் கிரைண்டருக்குப் போகும் முன்பே அளந்துவிடுங்கள். போகும்போது இருந்த ஆர்ஏ, பீக் கவுண்ட், குரோம் உண்டா இல்லையா, ஓடிய டன், கிரேடு, திரும்பியபோது இருந்த ஆர்ஏ, இறக்கிய காரணம் என எல்லாம் ஒரே கார்டில், ஒரே வரிசையில் இருக்கட்டும். கிரைண்டிங் வீல் பட்ட பிறகு அந்த எண்ணை எங்கே தேடினாலும் கிடைக்காது.